‘விதி’ என்று சொல்வதற்கு முன்: ஈடிப்பஸ் நாடகத்தைப் புதிதாக வாசிக்கப் போகிறவர்களுக்கு

முள்ளியவளையில் ஒரு வளவுக்குள், மாமர நிழலில், நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு பின்னேரங்களில் கூடி நாடகம் வாசிப்போம். பெரிய அமைப்பு ஒன்றுமில்லை. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்த இரண்டு மூன்று பிள்ளைகள், வயலும் கடையும் பார்க்கிற ஆக்கள், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிற ஒரு அக்கா, இவ்வளவுதான். பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்கிளிஸின் ‘ஈடிப்பஸ் மன்னன்’ நாடகத்தை முதன்முதலாகக் கையில் எடுத்த அன்று அரைவாசி போவதற்குள் ஒரு தம்பி கொப்பியை மூடிவிட்டுக் கேட்டான்: “அண்ணை, தேப்பனைக் கொல்லுவாய், தாயைக் கட்டுவாய் எண்டு சாமி முதலே சொல்லிப்போட்டுது. அதுதான் நடக்கப்போகுது. பிறகு என்னத்துக்கு இந்த மனிசன் இவ்வளவு பாடுபடுது?”

அன்று என்னால் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அந்த நாடகத்தைத் திருப்பித் திருப்பி வாசித்து, வேறு வேறு ஆக்களோடு சேர்ந்து வாசித்து, எங்கே ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள், எங்கே “எல்லாம் விதி” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து ஒரு வழி பிடிபட்டது. புதிதாக இந்த நாடகத்துக்குள் போகிறவர்களுக்கு, தனியாகவோ குழுவாகவோ, அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரேயொரு வேண்டுகோள்: வாசித்து முடியும்வரை ‘விதி’ என்ற சொல்லை எடுக்காமல் இருந்து பாருங்கள். கடைசியில் எடுக்கலாம்.

படி 1: முடிவைத் தெரிந்துகொண்டே உள்ளே போங்கள்

கதையை மறைத்து வைத்து வாசித்தால் இந்த நாடகம் பாதிதான் கிடைக்கும். கோவலன் கூத்துப் பார்க்கப் போகிற யாராவது கோவலன் வெட்டுப்படப் போவது தெரியாமல் போய் இருப்பார்களா? விடிய விடிய இருக்கிற ஆச்சிமாருக்கு அடுத்த பாட்டு என்ன என்பதே தெரியும். ஆனாலும் கோவலன் சிலம்பை வாங்கிக்கொண்டு மதுரைக்குள் புறப்படுகிற இடத்தில் “போகாதை ராசா” என்று ஒரு முணுமுணுப்பு வரும். போகத்தான் போகிறான் என்று தெரிந்தும் ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த நாடகத்துக்கு அதுதான் திறப்பு. கி.மு. 429 அளவில் ஏதென்ஸ் நகரில் மலைச்சரிவில் அமர்ந்து இதைப் பார்த்த சனங்களும் கதை தெரிந்துதான் வந்தார்கள்.

கதை இது. தீப்ஸ் நகரத்து அரசன் லாயசுக்கு, உனக்குப் பிறக்கும் மகன் உன்னைக் கொல்வான் என்று டெல்பிக் கோயிலில் அப்பல்லோ என்ற தெய்வத்தின் வாக்கு வருகிறது. பிள்ளை பிறந்து மூன்று நாளாவதற்குள் அதன் கணுக்கால்களைத் துளைத்துக் கட்டி, சித்தீரோன் மலையில் போட்டுவிடச் சொல்லி ஒரு இடையனிடம் கொடுக்கிறார்கள். அவனுக்குப் போட மனம் வரவில்லை. கொரிந்து நகரத்து இடையன் ஒருவனிடம் கொடுத்துவிடுகிறான். பிள்ளையில்லாத கொரிந்து அரசன் பொலிபஸ் அவனை வளர்க்கிறான். ஈடிப்பஸ் என்ற பெயருக்கே வீங்கிய பாதம் என்றுதான் பொருள். வளர்ந்த பிறகு ஒரு விருந்தில் வெறியில் இருந்த ஒருவன், நீ உன் தகப்பனுக்குப் பிறந்தவன் இல்லை என்று சொல்லிவிட, ஈடிப்பஸ் டெல்பிக்குப் போய்க் கேட்கிறான். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. தகப்பனைக் கொன்று தாயை மணப்பாய் என்ற வேறொரு சொல் வருகிறது. கொரிந்துப் பக்கமே போகக்கூடாது என்று முடிவெடுத்து நடக்கிறவன், மூன்று தெருக்கள் கூடுகிற இடத்தில் வண்டியில் வந்த கிழவர் ஒருவரோடு தகராறுபட்டு அவரையும் கூட வந்தவர்களையும் கொல்கிறான், ஒருவன் மட்டும் தப்பி ஓடுகிறான். பிறகு தீப்சுக்கு வந்து, ஊரை வாட்டிய ஸ்பிங்ஸ் என்ற பிராணியின் விடுகதையை அவிழ்த்து, அரசனாகி, விதவையாக இருந்த அரசி யொகாஸ்டாவை மணந்து நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பனாகிறான்.

இது எங்கோ தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். ஈழத்தில் வழங்குகிற கண்ணகி கதைகளில் சிலப்பதிகாரத்தில் இல்லாத ஒரு தொடக்கம் உண்டு: கண்ணகி மாங்கனியிலிருந்து பிறக்கிறாள், இந்தப் பிள்ளையால் மதுரைக்கு அழிவு என்று சோதிடர் சொல்ல, பாண்டியன் அவளைப் பேழைக்குள் வைத்து நீரில் விடுவிக்கிறான், பேழை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கையில் சேருகிறது. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய், உப்புநீரில் எரிகிற விளக்கைப் பார்த்துவிட்டு மணலில் படுத்திருந்து கதை கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. பயந்து எறியப்பட்ட பிள்ளை, இரங்கி எடுத்த கை, எறிந்தவனிடமே திரும்பி வருகிற நாள். லாயசும் பாண்டியனும் ஒரே பயத்தைப் பட்டவர்கள். இதை நான் எங்கள் குழுவில் சொன்ன அன்றுதான் அந்தத் தம்பி மூடிய கொப்பியைத் திரும்பத் திறந்தான்.

படி 2: கொப்பியில் ஒரு கோடு போடுங்கள்

இதைச் செய்யாமல் மேலே போக வேண்டாம். ஒரு பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கத்தில் நாடகம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. வலப்பக்கத்தில் மேடையில், எங்கள் கண்முன்னால் நடப்பவை. வாசிக்க வாசிக்க இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

முடிந்ததும் பார்த்தால், நான் மேலே சொன்ன கதை முழுவதும் இடப்பக்கத்தில் கிடக்கும். கொலை, கல்யாணம், பிள்ளைகள், எல்லாம். அதாவது டெல்பி சொன்னது அத்தனையும் திரை விலகுவதற்கு முன்பே பலித்துவிட்டது. வலப்பக்கத்தில் இருப்பது ஒரேயொரு நாள், அரண்மனை வாசல். ஊரில் கொள்ளைநோய், பயிர் கருகுகிறது, கருவிலேயே பிள்ளைகள் சாகின்றன, சனம் மரக்கொப்புகளோடு அரசனின் வாசலில் வந்து குந்தியிருக்கிறது.

வலப்பக்கத்தை மட்டும் எடுத்து, அதில் ஈடிப்பஸ் தானாகச் செய்ததை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சனம் வந்து கேட்பதற்கு முன்பே டெல்பிக்கு மைத்துனன் கிரியோனை அனுப்பிவிட்டான். கிரியோன் திரும்பி வந்து, இதை உள்ளே போய்த் தனியாகச் சொல்லவா என்று கேட்கிறான். எல்லாருக்கும் முன்னால் சொல் என்கிறான் ஈடிப்பஸ். லாயசைக் கொன்றவன் இந்த மண்ணில் இருக்கிறான், அவனைத் துரத்தினால்தான் நோய் போகும் என்பது செய்தி. அரைகுறையாகத் தேடிவிட்டு விட்டிருக்கலாம், அந்தக் கொலை நடந்து கனகாலம், ஊரே அதை மறந்துவிட்டது. இவன் கொலைகாரனைச் சபிக்கிறான், என் வீட்டுக்குள் எனக்குத் தெரிய அவன் இருந்தால் அந்தச் சாபம் என் தலையிலும் விழட்டும் என்கிறான். கண் தெரியாத தீர்க்கதரிசி தைரீசியஸை வரவழைக்கிறான். தப்பி ஓடிய அந்த ஒரு சாட்சியைக் கூட்டிவரச் சொல்கிறான். இவற்றில் எதையும் அவனைச் செய்யச் சொல்லி ஒரு தெய்வமும் கட்டாயப்படுத்தவில்லை. அப்பல்லோவின் பெயர் நாடகம் முழுக்க வருகிறது, அப்பல்லோ மேடைக்கு வருவதே இல்லை.

இந்த இடத்தில் யாராவது ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள்: தைரீசியஸ் “நீ குருடனாய், ஊரைவிட்டுப் போவாய்” என்று முதலே சொல்கிறாரே, அப்போ வலப்பக்கமும் எழுதி வைத்ததுதானே? கேட்கட்டும். தெரிந்திருப்பதும் தள்ளிவிடுவதும் இரண்டு விசயம். குளக்கட்டில் நிற்கிற கிழவர் மேகத்தையும் நீர்மட்டத்தையும் பார்த்துவிட்டு “இரவைக்கு வான் பாயும்” என்கிறார். அவர் சொன்னபடியே பாய்கிறது. அவர் சொன்னதால் பாய்ந்தது என்று யாரும் சொல்வதில்லை.

சரி, இடப்பக்கத்தில் மட்டும் விதி முழுதாக ஆட்சி செய்கிறதா என்று இப்போது பாருங்கள். அங்கேயும் அவ்வளவு லேசாக இல்லை. லாயஸ் பிள்ளையை எறியச் சொன்னது பயத்தில் எடுத்த முடிவு. இடையன் பிள்ளையைக் காப்பாற்றியது இரக்கத்தில் எடுத்த முடிவு. ஈடிப்பஸ் கொரிந்துக்குத் திரும்பாமல் விட்டது தாய் தகப்பன் மேல் வைத்த பாசத்தில் எடுத்த முடிவு. தெருச்சந்தியில் அடித்தது கோபத்தில். முதலில் அவனைத் தள்ளியதும், தார்க்கோலால் தலையில் அடித்ததும் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். பன்னோலையில் பாய் பின்னும்போது எந்த ஓலை மேலே எந்த ஓலை கீழே என்று தொடக்கத்தில் தெரியும், நாலு விரல் பின்னிய பிறகு பிரித்துச் சொல்ல ஏலாது, அப்படித்தான் இந்த மனிதர்களின் முடிவுகளும் டெல்பியின் சொல்லும் ஒன்றுக்குள் ஒன்று போயிருக்கின்றன. என்னை அதிகம் உலுக்குவது அந்த இடையனின் இரக்கம். கொடுமையால் மட்டும் இந்தக் கேடு வந்திருந்தால் மனம் ஆறும். பச்சைப்பிள்ளையைக் கொல்ல மனம் வராத ஒருவனின் நல்ல மனமும் அதற்குள் ஒரு ஓலையாகப் பின்னப்பட்டிருக்கிறது. இந்த இடத்தில் அவசரப்படாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து கதைத்தாலும் பரவாயில்லை.

படி 3: அவனைத் தடுத்தவர்களை எண்ணுங்கள்

மூன்று பேர். மூவரும் உண்மை தெரிந்தவர்கள், அல்லது அந்த நேரத்தில் தெரிந்துகொண்டவர்கள்.

தைரீசியஸ் முதல் ஆள். வந்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடு, உனக்கும் நல்லது எனக்கும் நல்லது என்கிறார். ஈடிப்பஸ் விடவில்லை, கோபப்பட்டு நீயும் கொலைக்கு உடந்தை என்று சொல்லப்போய்த்தான் கிழவர் வாயைத் திறக்கிறார். இரண்டாவது யொகாஸ்டா. கொரிந்திலிருந்து வந்த தூதன், பொலிபஸ் செத்துவிட்டான், பயப்படாதே, நீ அவன் பிள்ளையே இல்லை என்று ஆறுதலுக்குச் சொல்கிற அந்த இடத்தில், அவளுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. உன் உயிரில் உனக்கு ஆசையிருந்தால் இதைத் தேடாதே என்று மன்றாடுகிறாள். ஆறுதல் சொல்ல வந்தவனே இடியைப் போட்டுவிட்டான். தலைகீழ்த் திருப்பத்துக்கு அரிஸ்டோட்டில் எடுத்துக்காட்டியது இந்தக் காட்சியைத்தான். மூன்றாவது, கிழவனாகிப்போன அந்த இடையன். தெருச்சந்தியிலிருந்து தப்பி ஓடிய சாட்சியும் அவனே. அவனைக் கையை முறுக்கித்தான் பேச வைக்கிறார்கள்.

அந்தக் காட்சியில் இரண்டு வரி வருகிறது. நாங்கள் வாசிக்கும்போது எங்கள் பேச்சில் இப்படிச் சொல்லிக்கொண்டோம்:

“ஐயோ, சொல்லக் கூடாத சொல்லுக்குக் கிட்ட வந்திட்டன்.”

“நானும் கேக்கக் கூடாததுக்குக் கிட்ட வந்திட்டன். எண்டாலும் கேக்கத்தான் வேணும்.”

எங்கள் மண்ணில் இந்த வரியை வாசிப்பது மற்ற இடங்களில் வாசிப்பது போல இருக்காது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் கொட்டகை போட்டு இருக்கத் தொடங்கினார்கள். ஏ9 வீதியால் பஸ்ஸில் போகிற எல்லாரும் அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்திருப்போம். விட்டுவிடுங்கள், இனி என்ன செய்யிறது, எல்லாம் விதி என்று அவர்களுக்குச் சொன்னவர்கள் ஏராளம், நல்ல மனதோடு சொன்னவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். வரப்போகிற பதில் எப்படிப்பட்டதாக இருந்தாலும் அது எங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அந்தத் தாய்மாரின் நிலை. ஈடிப்பஸ் வேறு, அவர்கள் வேறு. அவன் தேடியது தன்னையே, அவர்கள் தேடுவது தங்களிடமிருந்து பறிக்கப்பட்டவர்களை, அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் “கேக்கத்தான் வேணும்” என்பது எவ்வளவு பாரமான சொல் என்று எங்கள் குழுவில் யாருக்கும் நான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அன்று அந்த வரியை வாசித்தது குழந்தையோடு வருகிற அக்கா. அவருடைய தமையனும் அந்தப் படங்களில் ஒருவர். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், நாங்களும் இருந்தோம், பிறகு அவரே அடுத்த வரியைத் தொடங்கினார்.

குழுவாக வாசிக்கிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். யார் எந்தப் பாத்திரம் வாசிப்பது என்று நீங்களே பிரித்துக் கொடுக்காமல், அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் நிறுத்துங்கள்.

படி 4: எங்கள் சொல்லையும் அவர்கள் சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

மொழிபெயர்ப்பில் ‘விதி’ என்று வருகிற இடங்களில் கிரேக்கத்தில் பெரும்பாலும் ‘மொய்ரா’ என்ற சொல் நிற்கும். அதற்குப் பங்கு என்று பொருள். இரணைமடுவில் சிறுபோகத்துக்கு நீர்மட்டத்தைப் பார்த்து, இந்த முறை இவ்வளவு காணிதான் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவாகி ஒவ்வொருவருக்கும் பங்கு வரும், குறைந்த தண்ணீர் வந்ததற்கு நீங்கள் ஒரு பிழையும் செய்திருக்க வேண்டியதில்லை. மொய்ரா கிட்டத்தட்ட அப்படி. எங்கள் ‘ஊழ்வினை’க்குள் வினை என்ற சொல் இருக்கிறது, நான் முன்பு செய்தது என்ற கணக்கு இருக்கிறது. கோவலன் ஏன் வெட்டுப்பட்டான் என்று கேட்டால் மதுரைத் தெய்வம் வந்து பதில் சொல்கிறது: போன பிறவியில் அவன் பரதன் என்ற பெயரோடு, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொலை செய்வித்தான், சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் இது. காரணம் கிடைத்துவிட்டது. மனம் கொஞ்சம் ஆறுகிறது.

ஈடிப்பஸுக்கு அந்த ஆறுதல் இல்லை. லாயசுக்கு ஏன் அப்படியொரு வாக்கு வந்தது, பிறக்காத பிள்ளை என்ன செய்தது என்று சோபோக்கிளிஸ் இந்த நாடகத்தில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. தமிழ் வாசகர்கள் இங்கே தங்களை அறியாமலே ஒரு முற்பிறப்பை இட்டு நிரப்பிவிடுவார்கள், நானும் அப்படித்தான் வாசித்தேன். அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஒருமுறை வாசியுங்கள். வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையோடுதான் அவன் நின்று தேடுகிறான்.

எங்கள் பக்கத்தில் விதி என்ற சொல் எத்தனை வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2009 இல் எல்லாவற்றையும் இழந்து வந்த ஒரு அம்மம்மா “அவ்வளவுதான் எங்கட விதி” என்று சொல்லும்போது அது அவர் மூச்சு விடுவதற்குப் பிடித்திருக்கிற கொப்பு. அதை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை. ஆனால் மனிதர் முடிவெடுத்து மனிதர் செய்த காரியத்தை, செய்தவர்களும் அருகிலிருந்து பார்த்தவர்களும் அதே சொல்லால் மூடுகிறபோது எனக்குப் பொறுக்காது. யார் சொல்கிறார், எதைப் பற்றிச் சொல்கிறார் என்று பார்க்க என்னைப் பழக்கியது இந்த நாடகம்தான்.

படி 5: ‘அவன் என்ன பிழை செய்தான்’ என்ற கேள்வியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்

பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் உடனே ‘ஹமார்ட்டியா’ என்பார்கள், அகந்தை, கோபம் என்று இரண்டு புள்ளி எழுதுவார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லின் அடியில் இருப்பது எறிந்தது குறி தவறுவது. குணத்தில் கறை என்று அதற்குப் பொருள் எழுதினால் நாடகம் சிறுத்துவிடும். கோபக்காரன்தான், கிரியோன் மேல் சும்மா சந்தேகப்பட்டுக் கொல்லப் பார்த்ததும் பெரிய பிழைதான். ஆனால் அந்தக் கோபத்துக்கு இந்தத் தண்டனை என்று கணக்குப் பார்த்தால் கணக்குச் சரிவராது. இதை இவ்வளவோடு விட்டுவிட்டு அடுத்ததுக்கு வாருங்கள்.

படி 6: ‘கை என்னுடையது’ என்ற இடத்தில் நில்லுங்கள்

யொகாஸ்டா தூக்கில் தொங்கிவிட்டாள். ஈடிப்பஸ் அவள் உடுப்பிலிருந்த பொன் ஊசிகளைக் கழற்றித் தன் கண்களைக் குத்திக்கொண்டு வெளியே வருகிறான். ஊர்ப் பெரியவர்கள், அதாவது கோரஸ், கேட்கிறார்கள்: எப்படி மனம் வந்தது, எந்தத் தெய்வம் உன்னை இதற்கு ஏவியது? அவன் சொல்கிற பதிலின் பொருள் இது: அப்பல்லோ, நண்பர்களே, அப்பல்லோதான் என் துன்பங்களை எல்லாம் முடித்து வைத்தது, ஆனால் கண்ணைக் குத்திய கை வேறு யாருடையதும் இல்லை, என்னுடையது.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான். தெய்வத்தை மறுக்கவும் இல்லை, தெய்வத்துக்குப் பின்னால் ஒளிக்கவும் இல்லை. முதன்முதலாக வாசிக்கிறவர்கள் இதில் ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள், பக்தி உள்ளவர் முதற்பாதியை, இளம் ஆக்கள் பிற்பாதியை. இரண்டு பேரையும் அடுத்தடுத்து இருத்தி, மற்றவர் பாதியை வாசிக்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிச் செய்தோம், அன்று இருட்டும்வரை சண்டை.

இப்போது பாண்டியனைத் திரும்பக் கூப்பிடுங்கள். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, ஆராயாமல், கள்வனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வா என்று சொன்னவன். இளங்கோ அந்த இடத்தில் ‘வினைவிளை காலம்’ என்றும் எழுதுகிறார், அரசன் ‘தேரானாகி’ என்றும் எழுதுகிறார், ஊழும் ஆராயாமையும் பக்கத்துப் பக்கத்து வரிகளில். கண்ணகி வந்து நின்றதும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் சொல் ‘தேரா மன்னா’. அவள் ஊழிடம் வழக்குரைக்கவில்லை, அரசனிடம் வழக்குரைத்தாள். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் அவன் ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்கிறான், ‘கெடுக என் ஆயுள்’ என்று விழுகிறான். கூத்தில் இந்த இடம் வரும்போது சனம் எப்படி அடங்கிப்போகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒருவன் விசாரிக்காமல் அழிந்தான், மற்றவன் விசாரித்து அழிந்தான். இரண்டு பேரும் கடைசியில் யாரையும் சாட்டாமல் தங்கள் வாயாலேயே தீர்ப்புச் சொன்னார்கள். இந்த இரண்டு அரசர்களையும் அடுத்தடுத்து வைத்து வாசித்த பிறகுதான் அந்தத் தம்பியின் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் கிடைத்தது. அந்த மனிசன் பாடுபட்டது விதியை மாற்றுவதற்காக இல்லை, விதி என்ன செய்திருந்தாலும் தான் யார் என்பதைத் தன் கையாலேயே தோண்டி எடுப்பதற்காக. டெல்பி அவனுக்கு ஒரு கொலையையும் ஒரு கல்யாணத்தையும் பங்காகக் கொடுத்தது. கேட்பதை நிறுத்தாதது அவன் சொந்தத்தில் செய்தது. கோவலன் புறப்படும்போது “போகாதை ராசா” என்கிற ஆச்சியும் இதைத்தான் தன் வழியில் சொல்கிறாள் போலிருக்கிறது. போகாமல் விட அவனுக்கு இடம் இருந்தது என்று எங்கோ நம்புகிறபடியால்தானே தடுக்கிறாள்.

படி 7: சத்தமாக வாசியுங்கள், ஏலுமானால் ஆடியும் பாருங்கள்

1500 வரிக்குக் கொஞ்சம் மேல். சத்தமாக வாசித்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியும், ஆனால் புதியவர்கள் மூன்று கிழமைகளாகப் பிரிப்பது நல்லது. முதற்கிழமை தைரீசியஸ் கோபித்துப் போகும்வரை. இரண்டாம் கிழமை, தெருச்சந்தியில் நடந்ததை ஈடிப்பஸ் யொகாஸ்டாவுக்குச் சொல்லும்வரை. அதற்குப் பிறகு கடைசிவரை ஒரே இருப்பில், தேத்தண்ணிக்குக்கூட எழும்பாமல்.

சோபோக்கிளிஸ் மூன்று நடிகர்களையும் பதினைந்து பேர் கொண்ட கோரஸையும் வைத்துத்தான் இதை ஆக்கினார், முகமூடி மாற்றி ஒரே ஆள் பல பாத்திரம் செய்வது வழமை. ஆகவே ஆள் குறைவு என்று கவலைப்பட வேண்டாம். கோரஸுக்கு மிச்சம் இருக்கிற எல்லாரும். அண்ணாவியார் யாராவது கிட்ட இருந்தால் கோரஸ் பகுதிகளை அவரிடம் கொண்டுபோங்கள், பிற்பாட்டு எங்கே தூக்க வேண்டும், மத்தளம் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு எங்களைவிட விளங்கும். மேடைக்கு ஒரு வாசல் போதும், வீட்டு முன்வாசலே காணும். தூக்கும் கண் குத்துவதும் வாசலுக்கு உள்ளே நடக்கின்றன, ஒரு ஏவலாள் வெளியே வந்து சொல்கிறான், அதைக் காட்டப் போகாமல் சொல்லவே விடுங்கள். ஈடிப்பஸாக நடிக்கிறவர் முதலிலிருந்தே கொஞ்சம் நொண்டட்டும், காலில் பழைய காயம். யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுங்கள், தூதன் கணுக்காலைப் பற்றிச் சொல்லும்போது பார்க்கிறவர்கள் தாங்களே குனிந்து பார்ப்பார்கள்.

காத்தவராயன் கூத்துப் பழகிய ஆக்கள் குழுவில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. கழுமரம் காத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைவு அந்தக் கூத்து முழுக்க ஓடும், நடிக்கிறவரும் அந்தக் கனத்தோடுதான் ஆடுவார். ஈடிப்பஸை அப்படி ஆடினால் கெட்டுப்போகும். அவனுக்குத் தெரியாது. கடைசிக்குக் கிட்டவரை அவன் ஊருக்கு நல்லது செய்கிற, தன் அறிவில் நம்பிக்கையுள்ள ஒரு அரசன், சனத்தைப் ‘பிள்ளைகளே’ என்று கூப்பிட்டு நாடகத்தைத் தொடங்குகிறவன். தெரிந்த பாரம் பார்க்கிறவர்களிடம் இருக்கட்டும்.

படி 8: முடிந்த பிறகு

உடனே விவாதம் வைக்க வேண்டாம். கடைசிக் காட்சியில் அன்டிகனி, இஸ்மினி என்ற இரண்டு சின்ன மகள்களையும் தடவித் தடவிக் கட்டிப்பிடித்து அழுகிற இடம் இருக்கிறதே, அதற்குப் பிறகு விதியா தெரிவா என்று கையுயர்த்தச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த ஞாயிறு, கோடு போட்ட கொப்பியோடு வரச் சொல்லுங்கள். அன்று, இப்போது வேண்டுமானால் அந்தச் சொல்லை எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவரும் எந்த ஒரு இடத்தில் அதை வைப்பார்கள் என்று கேளுங்கள். எங்கள் குழுவில் எட்டுப் பேரும் வெவ்வேறு இடத்தில் வைத்தார்கள். அந்தத் தம்பி இடையனின் இரக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

இன்னும் பசி இருந்தால், சோபோக்கிளிஸ் முதுமையில் எழுதிய ‘கொலோனஸில் ஈடிப்பஸ்’ இருக்கிறது, அவர் இறந்த பிறகு கி.மு. 401 இல் பேரன் மேடையேற்றியது. அதில் அதே ஈடிப்பஸ், கிழவனாய், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, நான் தெரியாமல் செய்தேன், அந்தக் கிழவர் என்னை அடித்தார், நான் திருப்பி அடித்தேன், என்னில் என்ன குற்றம் என்று வாதாடுகிறான். முதல் நாடகத்தில் வாதாடாதவன் இதில் வாதாடுகிறான். இரண்டையும் அடுத்தடுத்த கிழமைகளில் எடுக்க வேண்டாம். ஒரு போகம் விதைத்து அறுக்கிற அளவுக்கு இடைவெளி விட்டு எடுங்கள், அதற்குள் முதலாவது உங்களுக்குள் என்ன செய்தது என்று தெரிந்துவிடும்.